சந்தேகம் வந்தால் ஆள் போய்விடுவார்

"தளம் அழகாக இருக்க வேண்டும், வந்தவர்கள் கொஞ்ச நேரமாவது நின்று பார்க்க வேண்டும்." வலைத்தளம் செய்து தரும் தொழிலில் இருக்கும் யாரும் இந்தக் கோரிக்கையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேட்பவர் பெரும்பாலும் தீர்வையும் கையோடு கொண்டுவருவார். மேலே தானாக நகரும் நாலைந்து படங்கள், ஸ்க்ரோல் செய்யும்போது பறந்துவந்து உட்காரும் எழுத்துகள், பின்னணியில் ஓடும் வீடியோ, மூலையில் எட்டிப் பார்க்கும் சாட் பெட்டி. ஆட்கள் சலித்துப்போய்தான் வெளியேறுகிறார்கள், வேடிக்கை காட்டினால் நிற்பார்கள் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. வலைத்தளத்துக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு தகவல் தெரிந்துகொள்ள, ஒரு பொருள் வாங்க, எதிலாவது பதிவு செய்ய, குறைந்தபட்சம் ஒரு தொலைபேசி எண்ணை எடுக்க வருகிறார்கள். வந்த காரியம் முடியும்வரை இருக்கத் தயாராகத்தான் வருகிறார்கள். நடுவில் கிளம்புகிறார்கள் என்றால், அதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னச் சந்தேகம் வந்திருக்கும். இந்தப் பக்கம் வருமா, வராதா? நான் தேடுவது இங்கேதான் இருக்கிறதா? இதை அமுக்கினால் என்ன ஆகும்? அமுக்கினேனே, வேலை செய்ததா இல்லையா? இவர்கள் எதற்கு என் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள்? கேள்விக்குப் பதில் சட்டென்று கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் முந்தைய பக்கத்துக்குப் போகும் பட்டன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நல்ல டிசைன் என்று நான் நினைப்பது, இந்தச் சந்தேகங்கள் தலைதூக்கும் முன்பே அவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிற டிசைனைத்தான். அழகு அதற்கு உதவும். சில நேரம் குறுக்கேயும் நிற்கும்.

முதல் சந்தேகம் நேரம் பற்றியது. கணினி பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் மனிதரின் கவனத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதிவிட்டார். அதையொட்டி, மென்பொருளும் தளங்களும் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-ல் எடுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன. 0.1 விநாடிக்குள் பதில் வந்தால், நாம் தொட்டதால்தான் அது நடந்தது என்று கை நம்புகிறது. 1 விநாடி வரை, தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடி ஆகிவிட்டால் கவனம் வேறு எங்கோ போய்விடும். இந்த எண்கள் கணினியின் வேகத்தோடு சேர்ந்து மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளந்தது மனித மூளையை. இயந்திரம் எத்தனை தலைமுறை தாண்டினாலும் நம் பொறுமை 1968-ல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

கூகுள் 2020-ல் அறிவித்த 'கோர் வெப் வைட்டல்ஸ்' அளவுகோல்களும் இதே சங்கதியைத்தான் வேறு விதமாகக் கேட்கின்றன. பக்கத்தின் முக்கியமான பெரிய படமோ பத்தியோ 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும். எதைத் தொட்டாலும் 200 மில்லி விநாடிக்குள் திரையில் ஏதாவது அசைய வேண்டும். இந்த இரண்டாவது அளவு 2024 மார்ச்சில்தான் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. சராசரியை வைத்துத் தப்பிக்கவும் முடியாது. நாலில் மூன்று வருகைகளிலாவது இந்த எல்லைக்குள் இருந்தால்தான் தேறியதாக அர்த்தம். அலுவலக இணைப்பில், புது லேப்டாப்பில் "எனக்கு வேகமாத்தானே வருது" என்று சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை.

வேகம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மர்மமான எதுவும் கிடையாது. கேமராவிலிருந்து எடுத்த 4000 பிக்சல் அகலப் படம் ஒன்று, 360 பிக்சல் அகலத் திரையில் காட்டுவதற்காக அப்படியே அனுப்பப்படுகிறது. யாரோ எப்போதோ சேர்த்த ஏழெட்டு ஸ்கிரிப்டுகள், அதாவது சின்னச் சின்ன நிரல்கள், எதற்கென்று இப்போது யாருக்கும் தெரியாமல், ஒவ்வொரு பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று எனக்குச் சிரிப்பை வரவழைப்பது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும் 'லேசி லோடிங்' நல்ல வசதி. அதை எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். திரையில் முதலில் தெரிய வேண்டிய பெரிய படத்துக்கும் அது பொருந்திவிட, வேகத்துக்காகச் சேர்த்த வசதியே அந்தப் படத்தைத் தாமதப்படுத்துகிறது. கீழே இருப்பவற்றுக்குப் போடலாம், மேலே இருப்பதற்குக் கூடாது. அவ்வளவுதான்.

சில வேலைகளுக்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கும். பணம் செலுத்தியதைச் சரிபார்ப்பது, நிறையத் தரவுகளில் தேடுவது போன்றவை. அங்கே வேகத்தைவிட முக்கியம், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது. பட்டனைத் தொட்டவுடன் அது நிறம் மாறி, "அனுப்புகிறோம்…" என்று எழுத்தும் மாறிவிட்டால் ஆள் பொறுமையாக இருப்பார். ஒன்றும் மாறாவிட்டால் இரண்டாம் முறை அமுக்குவார். பணம் கட்டும் பக்கத்தில் இரண்டாம் முறை அமுக்குகிறவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட மோசமான குற்றம். பக்கம் குதிப்பது.

போனில் ஒரு கட்டுரை படிக்கிறீர்கள். மூன்றாவது பத்தியில் இருக்கும்போது மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து உட்காருகிறது. படித்துக்கொண்டிருந்த வரி கீழே எங்கோ போய்விடுகிறது. தேடிப் பிடித்து மறுபடி தொடங்கினால், இன்னொரு படம் வருகிறது, மறுபடி குதிக்கிறது. அதைவிடக் கொடுமை, "ரத்து செய்" என்பதைத் தொடப்போகும் அந்தக் கணத்தில் பக்கம் இறங்கி, விரலுக்கு அடியில் "உறுதி செய்" வந்து நிற்பது. இதையும் அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. திரையின் பாதியை அடைத்திருக்கும் ஒரு பத்தி, திரை உயரத்தில் கால் பங்கு கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நகர்வதற்கு முன்னும் பின்னும் அது அடைத்த இடம் எல்லாம் சேர்த்துத் திரையில் 0.75 பங்கு. நகர்ந்த தூரம் 0.25. இரண்டையும் பெருக்கினால் 0.1875. கூகுள் நல்லது என்று ஏற்கும் எல்லை 0.1. ஆக, ஒரே ஒரு குதியில் பக்கம் தோற்றுவிட்டது.

இதற்குத் தீர்வு அநியாயத்துக்கு எளிது. பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், படத்துக்கான வரியில் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதிவிட வேண்டும். படம் வரும் முன்பே பிரவுசர் அந்த விகிதத்தைக் கணக்கிட்டு இடத்தைக் காலியாக ஒதுக்கி வைத்துவிடும். படம் வந்ததும் அந்த இடத்தில் போய் உட்காரும், சுற்றியிருக்கும் எதுவும் அசையாது. விளம்பரத்துக்கும் அப்படியே, வருமோ வராதோ, ஒரு பெட்டியை முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். இரண்டு எண்கள் எழுதச் சோம்பல்பட்டு எத்தனை பேரை எரிச்சல்படுத்துகிறோம்!

சரி, பக்கம் வந்துவிட்டது, குதிக்காமலும் நிற்கிறது. இப்போது வருகிற சந்தேகம், நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேனா என்பது.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று டிசைனர்கள் வட்டாரத்தில் மிகவும் பிரபலம். ஒரு பக்கத்தை 50 மில்லி விநாடி மட்டும் காட்டினாலே, அது கவர்ச்சியாக இருக்கிறதா இல்லையா என்று மனிதர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், அந்த முடிவு அதிக நேரம் பார்த்துச் சொல்வதோடும் நன்றாகவே பொருந்துகிறது என்பது அதன் சாரம். கண் இமைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு அது. இதை எடுத்துக்காட்டி "பார்த்தீர்களா, அழகுதான் எல்லாம்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு அளந்தது முதல் தோற்றத்தை. 50 மில்லி விநாடியில் யாரும் பக்கத்தைப் படித்து முடித்திருக்க மாட்டார்கள். பார்த்தவுடன் ஒழுங்காக இருக்கிறது, கண்ணை உறுத்தவில்லை என்று தோன்றுவது உள்ளே நுழைய ஓர் அனுமதி, அவ்வளவே. நுழைந்த பிறகு இரண்டு மூன்று விநாடிக்குள் "இது உனக்கான பக்கம்தான்" என்று சொற்கள் சொல்ல வேண்டும்.

சொற்களுக்கு இடம் இருக்கிறதா என்றால், பல தளங்களில் இல்லை. ஒரு சாதாரண போன் திரையை எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். பிரவுசரின் முகவரிப் பட்டை போக 360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் பக்கத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோகோவும் மெனுவும் இருக்கும் மேல்பட்டை 64 பிக்சல். அதற்கு மேல் "எங்கள் ஆப்பை நிறுவுங்கள்" என்று ஒரு பட்டை, 72. கீழே குக்கி அனுமதிப் பெட்டி, 190. மிச்சம் 314. அதில் ஒரு புகைப்படம், சிரித்துக்கொண்டு கைகுலுக்கும் யாரோ இருவர், 240 பிக்சல் உயரத்தில். எஞ்சியது 74 பிக்சல். இரண்டு வரித் தலைப்பு ஒன்று நெருக்கியடித்து உட்காரும். அந்த இரண்டு வரியிலும் "உங்கள் கனவுகளை நனவாக்குகிறோம்" என்று எழுதியிருப்பார்கள்! அந்த நிறுவனம் வீடு கட்டுகிறதா, பல் பிடுங்குகிறதா, மென்பொருள் விற்கிறதா என்று வந்தவருக்கு இன்னும் தெரியாது. இதற்கிடையில் அறிவிப்புகள் அனுப்பலாமா என்று ஒரு பெட்டி எழும்பிக் கேட்கும். வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்கிற வீட்டுக்கு யார் இரண்டாம் முறை போவார்கள்?

எல்லாவற்றையும் முதல் திரையிலேயே அடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்க்ரோல் செய்ய மக்களுக்குத் தயக்கம் கிடையாது. கீழே போவதற்கு ஒரு காரணம் மேலே தெரிய வேண்டும். நாம் என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம், அடுத்து எதைத் தொடுவது, இந்த மூன்றும் வெறும் சொற்களில் இருந்தால் போதும்.

தானாக நகரும் படவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நாட்ர டாம் பல்கலைக்கழகத் தளத்தில் அதை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எரிக் ரன்யன் 2013-ல் கணக்கெடுத்து வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம். அந்தக் கிளிக்குகளிலும் பத்தில் எட்டுக்கு மேல் முதல் படத்தின்மீது விழுந்தவை. மூன்றாவது, நான்காவது படங்கள் யாருக்காக என்றால், அலுவலகக் கூட்டத்தில் "எங்கள் பிரிவின் செய்தியும் முகப்பில் வர வேண்டும்" என்று கேட்டவர்களுக்காக. பல முகப்புப் பக்கங்களின் அமைப்பைப் பார்த்தே அந்த நிறுவனத்துக்குள் எத்தனை பிரிவுகள், யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெளியே இருந்து வருகிறவருக்கு அந்த அரசியல் எதற்கு?

உள்ளே வந்தவர் எப்படிப் படிக்கிறார்? படிப்பதில்லை, மேய்கிறார். 1997-ல் நீல்சன் எழுதிய புகழ்பெற்ற குறிப்பில், சோதனையில் பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான் என்று வருகிறது. 2006-ல் அவருடைய நிறுவனம் கண் அசைவுகளைப் பதிவு செய்து பார்த்தபோது ஆங்கில எழுத்தான எஃப் வடிவம் தெரிந்தது. மேலே ஒருமுறை குறுக்கே நீளமாக, சற்றுக் கீழே இன்னொரு முறை அதைவிடக் குறைவாக, அப்புறம் இடது ஓரமாகவே கீழ்நோக்கி. இதைப் பார்த்துவிட்டுச் சிலர் பக்கத்தையே எஃப் வடிவத்தில் அமைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வடிவம் ஒரு நோயின் அறிகுறி. பிடிமானம் எதுவும் இல்லாத எழுத்துச் சுவர் கிடைத்தால் கண் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போகும். உட்தலைப்புகள், சிறிய பத்திகள், ஆரம்பச் சொல்லிலேயே விஷயத்தைச் சொல்லும் வாக்கியங்கள் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்தால், கண் அந்தந்த இடத்தில் நின்று நின்று போகும்.

லிங்குகளுக்கும் இதே கதைதான். ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990-களில் ஒரு கோட்பாட்டை வளர்த்தார்கள். இரை தேடும் விலங்கு மோப்பம் பிடித்துப் போவதுபோல மனிதர்கள் தகவலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது அது. ஒவ்வொரு கிளிக்கிலும் வாசனை கூடிக்கொண்டே போனால், ஐந்தாறு கிளிக் ஆனாலும் சளைக்காமல் போவார்கள். வாசனை அறுந்தால் இரண்டாவது கிளிக்கிலேயே திரும்பிவிடுவார்கள். "மூன்று கிளிக்கில் எதுவும் கிடைத்துவிட வேண்டும்" என்று ஒரு பழைய விதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நான் மதிப்பதில்லை. "மேலும் அறிய" என்று ஒரே பக்கத்தில் ஆறு லிங்குகள் இருந்தால், எதை அமுக்கினால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? "பணம் திரும்பப் பெறும் விதிகள்" என்று அந்த லிங்கிலேயே எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, அதுவும் தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு. ஆங்கிலத்துக்கென்று வடிவமைத்த டெம்ப்ளேட்டை எடுத்து அப்படியே தமிழை ஊற்றினால் என்ன நடக்கும் என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் வாலும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல 1.7 மடங்காவது வரி இடைவெளி விட்டால்தான் கண் மூச்சுவிடுகிறது. சொற்களும் நீளம். அகலத்தை இவ்வளவுதான் என்று பூட்டிவைத்த பட்டனில் சொல்லின் பாதி வெளியே நிற்கும், அல்லது மூன்று புள்ளிகளோடு அறுந்துவிடும். அதனால் பட்டன் சொல்லுக்கேற்ப விரியட்டும் என்று விட்டுவிட வேண்டும். பல டிசைனர்கள் மாதிரிப் படத்தில் ஆங்கிலத்தை வைத்தே ஒப்புதல் வாங்கிவிட்டு, தமிழைக் கடைசி வாரத்தில் சேர்க்கிறார்கள். முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ் வாக்கியங்களை வைத்து வேலை செய்தால் இந்தத் தலைவலி வராது.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று பார்வை குறைந்தவர்கள் உட்பட எல்லோராலும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வலை அணுகல்தன்மை நெறிமுறைகள் சொல்கின்றன, பெரிய எழுத்தானால் 3-க்கு 1. வெள்ளையில் வெளிர் சாம்பல் நிற எழுத்து நாகரிகமாகத் தெரியும், வெயிலில் போனை நீட்டிப் பார்க்கும்வரை. ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பு 2024-ல் 81 சதவீதப் பக்கங்களில் இந்தக் குறையைக் கண்டது.

தொடும் இடங்களின் அளவு பற்றியும் தெளிவான எண்கள் இருக்கின்றன. இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதை அடைய அதிக நேரம் பிடிக்கும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். ஆப்பிள் தன் அலகில் 44 புள்ளிகள் என்கிறது, கூகுள் தன் அலகில் 48 என்கிறது, 2023-ல் வந்த அணுகல்தன்மை நெறிமுறையின் புதிய பதிப்பு 24 பிக்சலாவது வேண்டும் என்கிறது. இதெல்லாம் தெரிந்தும் பாப்-அப்பை மூடும் அந்தப் பெருக்கல் குறியை மட்டும் கடுகளவில் வைக்கிறார்கள் என்றால், அது தெரியாமல் செய்ததாக இருக்காது.

இப்போது படிவம். நிற்க நினைத்த ஆளையும் விரட்டும் திறமை படிவங்களுக்கு இருப்பதுபோல வேறு எதற்கும் கிடையாது.

ஒரு மருத்துவ ஆலோசனைத் தளத்தின் முன்பதிவுப் படிவத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வயதான ஓர் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதினார். தொலைபேசி எண் பெட்டியைத் தொட்டபோது எண் கீபோர்டு வரவில்லை, எழுத்துக் கீபோர்டே நின்றது. எண்களைத் தேடி எடுத்து, படிக்க வசதியாக ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு எழுதினார். அடுத்த பெட்டிக்குள் மங்கலாக இருந்த "தேதி" என்ற சொல், தட்டத் தொடங்கியதும் மறைந்துவிட்டது. "இதுல பிறந்த தேதி கேட்டாங்களா, டாக்டரைப் பார்க்குற தேதி கேட்டாங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கீபோர்டு மறைத்திருந்த பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கினார். பக்கம் மேலே தாவியது. சிவப்பில் "பிழை உள்ளது" என்று ஒரு வரி. எழுதியது அத்தனையும் காணோம். அவர் போனை என் பக்கம் நீட்டி, "நான்தான் தம்பி ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்றார்.

அவர் எதையும் தவறாக அமுக்கவில்லை. அந்த எண்ணில் இருந்த ஒரே ஓர் இடைவெளியைப் படிவத்துக்குப் பிடிக்கவில்லை. இடைவெளியை நீக்கிவிட்டு எண்ணை ஏற்க ஒரு வரி நிரல் போதும். எண் கீபோர்டு வரவழைக்க ஒரு சொல் போதும். பெட்டியின் தலைப்பை உள்ளே எழுதாமல் மேலே எழுதினால் அது மறையாது. பிழையைப் பக்கத்தின் உச்சியில் போடாமல் அந்தந்தப் பெட்டிக்குக் கீழே, என்ன செய்ய வேண்டும் என்பதோடு சொல்லலாம். நிரப்பியதை அழிக்கவே கூடாது. இன்னொரு சின்ன சங்கதி, பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோனின் சஃபாரி தானாகப் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திணறுவார். இவற்றில் எதற்கும் பெரிய டிசைன் திறமை வேண்டியதில்லை. யாராவது நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். மனிதர்கள் தளத்தைக் குறை சொல்வதைவிடத் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள், அதனால்தான் புகார்ப் பெட்டி காலியாக இருக்கிறது.

எவ்வளவு சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய கதையைச் சொல்லலாம். ஒரு பெரிய இணைய விற்பனைத் தளம், பெயரை அவர் சொல்லவில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டப் போகும்போது, கணக்கில் நுழைய வேண்டும் அல்லது பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு படிவம் குறுக்கே வரும். புதியவர்களுக்கு எதற்காகப் பதிவு என்று எரிச்சல். பழையவர்களுக்குக் கடவுச்சொல் நினைவில்லை. பதிவு செய்யும் பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று ஒன்றை வைத்து, கணக்கு இல்லாமலும் வாங்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம் வந்தது என்று எழுதுகிறார் ஸ்பூல். பொருள் அதேதான், விலையும் அதேதான்.

ஆட்களை நிறுத்திவைக்க இன்னொரு வழியும் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. வெளியே போகும் வழியை ஒளித்துவைப்பது. சந்தாவில் சேர ஒரு தொடுதல், விலக ஏழு பக்கங்கள். "வேண்டாம், எனக்குச் சேமிப்பதில் ஆர்வமில்லை" என்று குத்திக்காட்டும் மறுப்புப் பட்டன். சலுகை முடியப்போகிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும் போலிக் கடிகாரம். டிசைனர் ஹாரி பிரிக்னல் 2010-ல் இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். 2023-ல் இந்திய அரசு 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் இணையத் தளமேடைகள் இப்படி ஏமாற்றுவதைத் தடுக்கிறது. முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் ஸ்க்ரோலை 2006-ல் உருவாக்கிய ஏசா ரஸ்கினே பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். படங்களை ஓட்டிப் பார்க்கிற தளத்துக்கு அது பொருந்தலாம். கடைத் தளத்தில் வைத்தால், ஐம்பதாவது பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர் மறுபடி முதல் பொருளில் வந்து நிற்பார். அடிப்பட்டையில் இருக்கும் முகவரியை எட்டிப்பிடிக்கவே முடியாது. இப்படிச் சேர்ந்த நிமிடங்களையும் தளத்தின் வருகை அறிக்கையில் "ஈடுபாடு" என்றுதான் எழுதுவார்கள்.

அறிக்கையின் எண்களையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கப் பழகியிருக்கிறேன். 2023 ஜூலை வரை பெரும்பாலானோர் வைத்திருந்த, வருகைகளை எண்ணித் தரும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸில், ஒருவர் ஒரே பக்கத்துக்கு வந்து, பத்து நிமிடம் முழுக்கட்டுரையையும் படித்துவிட்டுப் போனால், அவர் இருந்த நேரம் பூஜ்யம் என்று பதிவாகும். இரண்டாவது கிளிக் இருந்தால்தான் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட முடியும் என்பது காரணம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்து எத்தனை நல்ல பக்கங்களை மாற்றியமைத்தார்களோ! புதிய பதிப்பு 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் குறித்துவைத்த முக்கியமான செயலைச் செய்தாலோ அதை ஈடுபாடு என்று எடுத்துக்கொள்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் ஒரு தொலைபேசி எண்ணைத் தேடி வந்து எட்டு விநாடியில் எடுத்துக்கொண்டு போனவர் இதில் தோல்வியாகத் தெரிவார். அதே எண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நிமிடம் அலைந்தவர் வெற்றியாகத் தெரிவார். கேட்க வேண்டியது, வந்த காரியம் முடிந்ததா, மறுபடி வருகிறாரா என்பது. முதலாவதை அந்தச் செயலையே அளந்து தெரிந்துகொள்ளலாம். எண்ணைத் தொட்டவர் எத்தனை பேர், படிவத்தைத் தொடங்கியவர்களில் முடித்தவர் எத்தனை பேர், எந்தப் பெட்டியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏன் போனார்கள் என்பது மட்டும் எந்த எண்ணிலும் வராது. அதற்கு ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். ஐந்து போதுமா என்று வாதிட்டவர்கள் உண்டு, ஆனால் ஒருவரையும் வைத்துப் பார்க்காத தளங்களே அதிகம் என்பதால் அந்த வாதத்துக்குள் நான் போவதில்லை. சோதனைக்கு வருகிறவர் டிசைனராக இருக்கக் கூடாது, அந்த நிறுவனத்தில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. அவர்களுடைய சொந்த போன், மொபைல் டேட்டா. வேலையைச் சொல்லும்போது மெனுவில் இருக்கும் சொல்லையே பயன்படுத்திவிடக் கூடாது. "சந்தா பக்கத்துக்குப் போங்க" என்றால் கண் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துவிடும், "மாசாமாசம் பணம் எடுக்குறதை நிறுத்தணும், எப்படிச் செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். திருத்திய பிறகு வேறு ஐந்து பேரைப் பிடிக்க வேண்டும். பழைய ஐந்து பேருக்கும் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோயிருக்கும்.